பைத்தானில் உருவாக்கும் ஜிப் கோப்பு திறக்க மறுக்கிறது; அளவும் குறையவில்லை

கேட்டவர்:
வணக்கம். மழைமானிகளில் பதிவாகும் அளவுகளை நிலையம் வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பாக்கி, அனைத்தையும் ஒரே ஜிப் கோப்பில் அடைத்துப் பதிவிறக்கத் தரும் நிரலொன்றைப் பைத்தான் 3.11இல் எழுதிவருகிறேன். வட்டில் இடைக்காலக் கோப்பு எதையும் உருவாக்காமல், நினைவகத்திலேயே கோப்புபோல் இயங்கும் ‘பைட்ஸ்ஐஓ’ பொருளின் மேல் ‘ஜிப்ஃபைல்’ ஒன்றை ‘வித்’ தொகுதிக்குள் திறந்து, ‘ரைட்ஸ்டர்’ மூலம் சிஎஸ்விகளைச் சேர்த்து, அத்தொகுதியின் கடைசி வரியில் ‘கெட்வேல்யூ’ கொண்டு பைட்டுகளை எடுக்கிறேன். எழுதும்போது பிழை எதுவும் வருவதில்லை. ஆனால் அந்தப் பைட்டுகளை மீண்டும் படிக்க முயன்றால் இது செல்லத்தக்க ஜிப் கோப்பு அல்ல என்னும் ‘பேட்ஜிப்ஃபைல்’ பிழை எழுகிறது. சுருக்கச் சொல்லும் ‘ஜிப்_டிஃப்ளேட்டட்’ முறையைக் கொடுத்திருந்தும், மொத்த அளவு மூலச் சிஎஸ்விகளின் கூட்டளவைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. காரணம் என்னவாக இருக்கும்?

மறுமொழி 1:
வணக்கம். திறக்க மறுப்பதற்கான காரணம் உங்கள் விளக்கத்திலேயே இருக்கிறது: பைட்டுகளைத் தொகுதிக்குள்ளேயே எடுத்துவிடுகிறீர்கள். ஜிப் கோப்பின் அமைப்பை அறிந்தால் இது தெளிவாகும். ஒவ்வொரு உறுப்புக் கோப்பும் ஒரு சிறு தலைப்புடன் வரிசையாக எழுதப்படுகிறது; எந்தக் கோப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது, அதன் அளவு என்ன, சரிபார்ப்பு எண் என்ன என்பவற்றைத் தொகுத்துச் சொல்லும் மையப் பட்டியலோ எல்லாவற்றுக்கும் பிறகு, இறுதியில்தான் வருகிறது. படிக்கும் மென்பொருள்கள் முதலில் கோப்பின் வாலுக்குச் சென்று, பட்டியல் எங்கே இருக்கிறது என்று காட்டும் முடிவுப் பதிவைத் தேடுகின்றன. ‘ஜிப்ஃபைல்’ மூடப்படும்போதுதான், அதாவது ‘வித்’ தொகுதி முடியும்போதுதான், பைத்தான் இவ்விரண்டையும் எழுதுகிறது. ஆகவே உங்கள் தரவு முழுவதும் உள்ளே இருந்தும், அதைக் கண்டறிய வழியில்லாத கோப்பாக அது நிற்கிறது.

‘கெட்வேல்யூ’ அழைப்பைத் தொகுதிக்கு வெளியே, அதன் பின் வரும் வரிக்கு நகர்த்துங்கள். உறுதிசெய்துகொள்ள எளிய வழியும் உண்டு: குறிப்புரை எதுவும் சேர்க்காத கோப்பில் முடிவுப் பதிவின் நீளம் 22 பைட்டுகள், அது ‘பி’, ‘கே’ என்னும் இரு ஆங்கில எழுத்துகளுடன் தொடங்க வேண்டும். இவ்வடிவத்தை 1989இல் வெளியிட்ட ஃபில் காட்ஸின் பெயரெழுத்துகள் அவை.

அளவு குறையாததற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். ‘ரைட்ஸ்டர்’ அழைப்பில் கோப்பின் பெயரை வெறும் சரமாகத் தருகிறீர்களா, பெயர், நாள் முதலிய விவரங்களைத் தாங்கும் ‘ஜிப்இன்ஃபோ’ பொருளாகவா?

கேட்டவர்:
மிக்க நன்றி. இப்போது கோப்பு திறக்கிறது. பெயரை ‘ஜிப்இன்ஃபோ’ பொருளாகவே தருகிறேன். பதிவான தேதியை ஒவ்வொரு உறுப்புக்கும் நானே குறிக்க வேண்டியிருப்பதால் அப்படி அமைத்தேன்.

மறுமொழி 1:
அளவு குறையாததற்கு அதுவே காரணம். ‘ஜிப்ஃபைல்’ திறக்கும்போது தரும் சுருக்க முறை, பெயரைச் சரமாகத் தரும் உறுப்புகளுக்கு மட்டுமே பொருந்தும். ‘ஜிப்இன்ஃபோ’ தந்தால் அதற்குள் இருக்கும் ‘கம்ப்ரஸ்_டைப்’ மதிப்பே செல்லும்; அதன் இயல்பு மதிப்பு ‘ஜிப்_ஸ்டோர்டு’, அதாவது சுருக்காமல் அப்படியே வைப்பது. எச்சரிக்கை எதுவும் தராமல் இது நிகழ்வதால் பலர் இதில் வெகுநேரம் தடுமாறுகிறார்கள். பொருளிலேயே அம்மதிப்பை மாற்றுங்கள், அல்லது ‘ரைட்ஸ்டர்’ அழைப்பில் ‘கம்ப்ரஸ்_டைப்’ அளபுருவைத் தனியே தாருங்கள். நிலையப் பெயர்கள் தமிழில் இருந்தால் பலன் இன்னும் கூடும்: யுடிஎஃப்-8 என்னும் எழுத்துக் குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது, அவற்றுள் முதல் பைட்டு எப்போதும் ஒன்றே என்பதால் டிஃப்ளேட் சுருக்க முறை அதை நன்கு சுருக்குகிறது.

மறுமொழி 2:
தரவு வளரக்கூடியது என்பதால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ‘ரைட்ஸ்டர்’ முறையில் ஒவ்வொரு சிஎஸ்வியும் முழுமையாக நினைவகத்தில் இருந்தாக வேண்டும். அதற்குப் பதிலாக ‘ஜிப்ஃபைல்’ பொருளின் ‘ஓப்பன்’ முறையை எழுதும் நிலையில் அழைத்து, கிடைக்கும் பைட்டு ஓடையின் மேல் உரையைப் பைட்டுகளாக மாற்றும் ‘டெக்ஸ்ட்ஐஓராப்பர்’ போர்த்தி, சிஎஸ்வி எழுதியை அதனுடன் இணைத்தால், வரிகள் உருவாக உருவாகச் சுருங்கி உள்ளே சென்றுவிடும். ஒரு நேரத்தில் ஓர் உறுப்பை மட்டுமே திறந்து வைக்க முடியும். முன்னதை மூடாமல் அடுத்ததைத் திறந்தால் ‘வேல்யூஎரர்’ வரும். முன்கூட்டியே அளவு தெரியாத ஓர் உறுப்பு 2 ஜிபியைத் தாண்டக்கூடும் என்றால், பெரிய கோப்புகளுக்கான ‘ஃபோர்ஸ்_ஜிப்64’ அளபுருவுக்கு ‘ட்ரூ’ (மெய்) என்னும் மதிப்பைக் கொடுத்துவிடுங்கள். இல்லையேல் எழுதி முடிக்கும் தறுவாயில் பிழை எழுந்து அத்தனை உழைப்பும் வீணாகும்.

கேட்டவர்:
‘கம்ப்ரஸ்_டைப்’ மாற்றியவுடன் அளவு நன்றாகக் குறைந்துவிட்டது; ‘டெஸ்ட்ஜிப்’ சோதனையும் பழுதான உறுப்பு எதுவும் இல்லை என்றே காட்டியது. பெரிய நிலையங்களுக்கு ஓடை முறைக்கு மாறுகிறேன். இருவருக்கும் நன்றி.