புதுப்பிப்பு: மேட்டர்ஹார்ன் ஜிக்சாவில் நீலத் துண்டுகள் சேர்ந்துவிட்டன

சுவிட்சர்லாந்தின் ரிஃபெல்சே ஏரியில் மேட்டர்ஹார்ன் மலை பிரதிபலிக்கும் 1000 துண்டு ஜிக்சா புதிரில், மலை முடிந்தும் வானமும் ஏரியும் ஒரே நீலமாகக் குழப்புவதாகக் கேட்டிருந்தேன். படம் முடிந்தது. யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, நிறத்தை விட்டு வடிவத்தால் பிரிக்கச் சொன்னதுதான். துருத்தும் காது எதிரெதிரே இரண்டு, அடுத்தடுத்து இரண்டு, மூன்று, ஒன்று என்று தனித்தனித் தட்டு. அப்புறம் ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒன்றிரண்டு தட்டுகளைத் துழாவினால் போதும். விளக்கைச் சாய்த்து வைக்கும் யோசனை எனக்கு ஒத்துவரவில்லை, பளபளப்பில் கண் கூசியது.

எதிர்பாராத விஷயம்: ஏரியில் தெரியும் வானம் மேலே உள்ளதைவிடக் கருமை. தண்ணீர் ஒளி முழுவதையும் திருப்பி அனுப்புவதில்லையே! பகல் வெளிச்சத்தில் இரண்டு நீலமும் தாமாகவே பிரிந்தன.

கோர்னர்கிராட் ரயிலில் போய் ரோட்டன்போடனில் இறங்கி அந்த ஏரிக்கு நடந்தபோது காற்றில் நீர் கலங்கிக் கிடந்தது. 4478 மீட்டர் மலையைத் தலைகீழாகப் பார்த்தது இந்த மேசையில்தான். படத்தில் வலப்பக்கம் இறங்கும் விளிம்புதான் ஹோர்ன்லி முகடு, 1865இல் முதன்முதலாக உச்சிக்குப் போன வழி. அந்தத் துண்டுகளில் மட்டும் வேண்டுமென்றே மெதுவாகப் போனேன்.

படத்தைச் சட்டம் போட்டு மாட்டுவதாக இல்லை. கலைக்கும்போது நீலத் துண்டுகளை வடிவ வாரியாகப் பைகளில் போட்டு வைப்பேன்.