பாலக்கோடு வீட்டுக் குழு: கோகுல் வண்டி வாங்கும் பேச்சு

வெள்ளிக்கிழமை, இரவு 8.12

விஜயா: கோகுல் ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் ராயல் என்ஃபீல்டின் 650 சிசி இன்டர்செப்டர் பைக்குக்கு முன்பணம் கட்டப் போகிறானாம். அவன் அப்பாவிடம் சொன்னால், சம்பாதிக்கிறான், வாங்கட்டும் என்கிறார். பெரியவர்கள் யாராவது ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

முருகேசன்: நான் அவ்வளவோடு நிறுத்தவில்லை. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள தலைக்கவசத்தை முதலில் வாங்கு என்றும் சொன்னேன்.

கோகுல்: அம்மா, ஆறு ஆண்டுகளாக ஸ்ப்ளெண்டர் ஓட்டுகிறேன். ஒருமுறைகூட விழுந்ததில்லை. ராயக்கோட்டை வழியாக வாராவாரம் ஓசூருக்குப் போய் வருகிறேன். அனுபவம் இல்லாதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

சாந்தி: அந்தச் சாலையில் ராத்திரியில் வராதே என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

செல்வராஜ்: கோகுல், நீ வண்டி வாங்குவதைத் தடுப்பதற்காக இதை எழுதவில்லை. நீ ஓட்டும் ஸ்ப்ளெண்டர் 97 சிசி; அதன் திறன் சுமார் 8 குதிரைத்திறன். நீ வாங்க நினைப்பது 648 சிசி, 47 குதிரைத்திறன், எடை 200 கிலோவுக்கு மேல். ஸ்ப்ளெண்டரில் ஒரு லாரியை முந்த வேண்டுமென்றால் ஆக்சிலேட்டரை முழுவதும் முறுக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆறு ஆண்டுகளில் உன் வலது மணிக்கட்டு படித்திருப்பது அந்த முறுக்கைத்தான். அதே முறுக்கை இந்த வண்டியில் கொடுத்தால், லாரியைத் தாண்டி முடிப்பதற்குள் நீ எதிர்பார்க்காத வேகத்தில் இருப்பாய். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறோம், 100 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 28 மீட்டர். வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும். அரவைப் பருவத்தில் நம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றி வரும் டிராக்டர்களில் பலவற்றுக்குப் பின்விளக்கு எரிவதில்லை என்பது உனக்கே தெரியும். இருட்டில் அந்தக் கரும்பு உன் முகப்பு விளக்கில் தெரியும்போது உன் கையில் எத்தனை மீட்டர் மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

கோகுல்: இதில் இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் இருக்கிறது, சித்தப்பா.

செல்வராஜ்: சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஏபிஎஸ் பார்த்துக்கொள்ளும். ஆனால் வளைவில் சாய்ந்து போகும்போது ஜல்லியில் சறுக்கினால் அது தூக்கி நிறுத்தாது. முன் பிரேக்கை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதும் உன் விரல்களுக்குப் புதிது, ஏனென்றால் உன் ஸ்ப்ளெண்டரில் இரண்டும் டிரம் பிரேக்.

விஜயா: இவன் வண்டியில் இனி நான் பின்னால் உட்காரவே மாட்டேன்.

சாந்தி: போன பொங்கலுக்கும் இதையே சொன்னாய், விஜயா. மறுநாளே அவனோடு சந்தைக்குப் போனாய்.

திவ்யா: நான் இப்போதுதான் பார்த்தேன். கோகுல், இங்கே இங்கிலாந்தில் பெரிய வண்டியை எடுத்த எடுப்பில் தருவதில்லை. 17 வயதில் 125 சிசி வரை, 19 வயதில் 35 கிலோவாட் வரை, அதாவது சுமார் 47 குதிரைத்திறன். எந்த வண்டியையும் ஓட்டும் உரிமத்துக்கு நேரடியாகத் தேர்வுக்குப் போக 24 வயதாக வேண்டும். அந்தத் தேர்வில் 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சட்டென்று நிறுத்திக் காட்ட வேண்டும். நீ சொல்லும் வண்டி இங்கே அந்த நடு வகுப்புக்குள் வருகிறது, அதனால் அது பேய் வண்டி ஒன்றும் இல்லை. ஆனால் நம் ஊரில் கியர் வண்டி உரிமம் கையில் இருந்தால் 100 சிசியும் 1000 சிசியும் ஒன்றுதான், நடுவில் யாரும் சோதிப்பதில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஏறத்தாழ 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1981இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். விபத்தில் சிக்கியவர்கள் சராசரியாக மூன்று ஆண்டுகள் வண்டி ஓட்டியவர்கள். ஆனால் அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் விபத்துக்குள்ளான அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஓட்டத் தொடங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

கோகுல்: அது பழைய காலம், அக்கா.

செல்வராஜ்: திவ்யா எழுதியதைப் படித்த பிறகு, இந்தக் குழுவில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. 1999இல் தொப்பூர் கணவாயில் என் கால் போனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். கந்தசாமி மாமாவின் புல்லட்டில் பிரேக் பிடிக்கவில்லை என்றுதான் எல்லோரும் நம்பினீர்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன். பிரேக் நன்றாகவே இருந்தது.

முருகேசன்: என்ன சொல்கிறாய், செல்வம்?

செல்வராஜ்: எட்டு ஆண்டுகள் நான் யமஹா ஆர்எக்ஸ் 100 ஓட்டினேன். அதில் கியர் இடது காலில், பிரேக் வலது காலில். அந்தக் காலத்துப் புல்லட்டில் இது தலைகீழ்: கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மாமா சாவியைக் கொடுக்கும்போது இதை இரண்டு முறை சொன்னார். தெரியும் என்று சொல்லிவிட்டு எடுத்துப் போனேன். இரண்டு நாள் பழகியும் விட்டேன். மூன்றாம் நாள் சேலத்துக்குப் போகும்போது, தொப்பூர் இறக்கத்தில் வளைவு திரும்பியதும் முன்னால் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. அந்த நொடியில் எட்டு ஆண்டுப் பழக்கம்தான் காலை நகர்த்தியது. வலது காலால் ஓங்கி மிதித்தேன். அது கியர். வண்டி மூன்றாவதிலிருந்து நான்காவதுக்குப் போய், அதுவரை இன்ஜின் பிடித்து வைத்திருந்த கொஞ்சமும் விட்டுப்போனது. முன் பிரேக் நினைவுக்கே வரவில்லை, ஏனென்றால் அதைப் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்று சொல்லித்தான் எங்களுக்கு வண்டி கற்றுக்கொடுத்தார்கள். மருத்துவமனையில் கண் விழித்தபோது எல்லோரும் பிரேக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள். இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மா கடைசி வரை மாமாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமா, அந்தப் பழி உங்களுடையதல்ல. என்னை மன்னித்துவிடுங்கள்.

சாந்தி: அந்த மாதம்தான் புது பிரேக் கட்டை போட்டேன் என்று என் வீட்டுக்காரர் எத்தனை பேரிடம் சொன்னார். ஒருவரும் கேட்கவில்லை.

முருகேசன்: நானும் கேட்கவில்லை.

விஜயா: சாந்தி, ஃபோனை எடு. நான் கூப்பிடுகிறேன்.

சனிக்கிழமை, காலை 6.40

கந்தசாமி: இரவு படித்தேன். உடனே எழுத வரவில்லை. அந்த வண்டியை அந்த ஆண்டே விற்றுவிட்டேன். பிரேக்கை நானும் நூறு முறை யோசித்துப் பார்த்தேன், ஒருவேளை என் மேல்தான் தப்போ என்று. நீ சொன்னது நல்லது, மாப்பிள்ளை. மீதியை நேரில் பேசுவோம்.

செல்வராஜ்: சரி, மாமா.

கந்தசாமி: கோகுல், இப்போது எல்லா வண்டியிலும் கியர் இடது பக்கம்தான், உனக்கு அந்தச் சிக்கல் வராது. ஆனால் எடை இருக்கிறது. ஓடும்போது தெரியாது, நிறுத்தித் திருப்பும்போதும், மண் பாதையில் கால் ஊன்றும்போதும்தான் தெரியும். ஒரு பக்கம் சாய ஆரம்பித்தால் காலால் தாங்க முடியாது. முதலில் இன்ஜினை அணைத்து, வண்டியைக் கையால் தள்ளி எட்டுப் போட்டுப் பார். பிறகு காலி மைதானத்தில் 30இல், 40இல், 50இல் நிறுத்திப் பழகு, முன் பிரேக்கும் பின் பிரேக்கும் சேர்த்து.

கோகுல்: என்னோடு வேலை செய்யும் நண்பனிடம் அதே வண்டி இருக்கிறது, மாமா. ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் வாங்கி ஓட்டலாம்.

திவ்யா: முதல் ஐந்து மாதம் இரவிலும் மழையிலும் எடுக்காதே. பின்னால் யாரையும் ஏற்றாதே.

செல்வராஜ்: தொப்பூர் இறக்கத்தில் லாரிகள் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கும். அவற்றுக்கு முன்னால் போகாதே, பக்கத்திலும் போகாதே.

முருகேசன்: நடுவில் ஒரு 350 வாங்கி இரண்டு ஆண்டுகள் ஓட்டிவிட்டுப் பிறகு இதற்குப் போனால் என்ன?

கோகுல்: யோசிக்கிறேன், அப்பா.

கந்தசாமி: நாளை நானும் ஓசூருக்கு வருகிறேன். செல்வம், நீயும் வா. சாந்தியின் காரில் போகலாம்.

செல்வராஜ்: வருகிறேன், மாமா.

விஜயா: எல்லோரும் போகிறீர்கள், சரி. முன்பணம் கட்டப் போகிறீர்களா, இல்லையா?