லூமினிசம்: 'ஒளிர்வுவாதம்' அன்று, 'ஒளிதோய் பாணி'

மதிப்பிற்குரிய ஐயா,

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க ஓவிய மரபில், அமைதியான இயற்கைக் காட்சிகளில் ஒளிக்கு முதன்மை தந்த 'லூமினிசம்' என்னும் போக்குக்குத் தாங்கள் முன்மொழிந்த 'ஒளிர்வுவாதம்' என்னும் சொல்லை, அப்போக்கின் ஓவியர் ஃபிட்ஸ் ஹென்றி லேனின் கடற்காட்சிகளோடு வைத்துப் பார்த்தேன். அதன் இரு பகுதிகளையும் என்னால் ஏற்க இயலவில்லை.

முதலில் 'வாதம்'. 1804இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் பிறந்த லேன், குழந்தைப் பருவத்திலேயே கால்களின் வலுவை இழந்து வாழ்நாள் முழுவதும் ஊன்றுகோலுடன் நடந்தவர். பாஸ்டனில் கல்லச்சுக்கூடம் ஒன்றில் தொழில் பழகியவர். பாய்க்கப்பலின் ஒவ்வொரு கயிற்றையும் இடம் பிசகாமல் வரையும் துல்லியம் அங்குதான் அவருக்குக் கைவந்திருக்க வேண்டும். அவரோ, அவரைப் போன்றே வரைந்த ஓவியர்களான கென்செட்டோ, ஹீடோ தம்மை ஓர் இயக்கமாக அறிவித்துக்கொண்டதில்லை. 'லூமினிசம்' என்ற பெயரே, லேன் 1865இல் மறைந்து ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, கலை வரலாற்றாளர் ஜான் பவுர் 1954இல் எழுதிய கட்டுரையால் நிலைபெற்றது. வாதிடாதவர்கள்மீது வாதத்தை ஏற்றுவது முறையன்று, 'பாணி' போதும்.

அடுத்து 'ஒளிர்வு'. இயற்பியலில் அது, பொருள் தானே ஒளி உமிழ்வதைக் குறிக்கிறது. லேன் 1862இல் தீட்டிய, மெயின் மாநிலத்து ஆந்தைத்தலை முனையின் படத்தில் அப்படி எதுவும் ஒளிர்வதில்லை. அசையாத நீர், தாழ்ந்த தொடுவானம், கரையில் நமக்கு முதுகு காட்டி நிற்கும் ஒருவன். தூரிகைத் தடமே தெரியாத அந்தப் பரப்பில், ஒளி பொருள்களின்மேல் விழவில்லை, காற்றிலும் நீரிலும் ஊறியிருக்கிறது. இதற்குத் தமிழில் 'தோய்தல்' என்ற வினை உண்டு. துணி நீரில் தோய்கிறது. பால் தோய்ந்து அசைவற்ற தயிராகிறது. ஊடுருவலும் அசைவின்மையும் ஒரே சொல்லில் அமைந்திருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது.

நண்பர் ஒருவர் பரிந்துரைத்த 'ஒளியியம்', ஓரெழுத்துப் பிழையில், ஒளியை ஆராயும் இயற்பியல் துறையான 'ஒளியியல்' ஆகிவிடும். அதே கண்டிப்புடன் நோக்கினால், நான் முதலில் எண்ணிய 'ஒளித்தோய்வு' என்பதும் 'தொய்வு' என்று திரியக்கூடியதே. ஆகவே, வானைத் தொடுகின்ற என்று பொருள்படும் 'வான்தோய்' என்னும் பழைய ஆட்சியைப் பின்பற்றி 'ஒளிதோய் பாணி' எனலாம். 'ஒளிதோய் ஓவியர்' என்றும் அது இயல்பாக நீளும்.

ஓர் ஐயம் எஞ்சுகிறது. நரகான்செட் விரிகுடாவின் இடிமழையை ஹீட் 1868இல் தீட்டிய படத்தில், கடல் மைபோல் கறுத்து, பாய்கள் மட்டும் வெளுத்து நிற்கின்றன. அங்கு ஒளி தோயவில்லை, வெட்டி நிற்கிறது. அப்படத்தையும் இச்சொல் தாங்குமா என்பதில் தங்கள் கருத்தை அறிய விழைகிறேன்.