பொருள்: 'சுர் லி' – வண்டலா, கசடா, மண்டியா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

'சுர் லி' (sur lie) என்ற பிரெஞ்சு வைன் தொடருக்குத் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். நொதித்தபின் அடியில் படியும் செத்த ஈஸ்டின்மேலேயே வைனை விட்டு முதிரவைப்பதைக் குறிக்கும் தொடர் இது. நண்பர் ஒருவர் எழுதியது:

> 'சுர் லி' என்பதற்கு 'வண்டல்மேல் முதிர்ந்த' எனலாம். 'கசடு' என்றும் போடலாம்.

இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. வண்டல் ஆறு கொண்டுவந்து சேர்க்கும் மண். கசடோ நீக்க வேண்டியது என்றே நம் காதில் பதிந்துவிட்ட சொல். இங்கே நடப்பது நேர் எதிர்: நீக்காமல் விடுவதில்தான் சுவையே இருக்கிறது.

மஸ்கடே வைனை எடுத்துக்கொள்வோம். பிரான்சில் லுவார் ஆறு கடலில் சேரும் பக்கம், நாந்த் நகரைச் சுற்றி விளைவது. மஸ்கட் திராட்சைக்கும் இதற்கும் தொடர்பில்லை. இதன் திராட்சை மெலோன் த பூர்கோஞ். பெயரே சொல்வதுபோல் பர்கண்டியிலிருந்து (பிரெஞ்சில் பூர்கோஞ்) வந்தது. 1709-இல் கடுங்குளிரில் நாந்த் பகுதிக் கொடிகள் கருகிப்போக, குளிர் தாங்கும் இந்த வகை அங்கே பரவியது.

மெலோன் அடக்கமான பழம். வாசனை அதிகம் கிடையாது. சாறு நொதித்து முடிந்ததும் ஈஸ்ட் செத்து, தொட்டியின் அடியில் வெளிறிய கூழாகப் படியும். வைனை வேறு தொட்டிக்கு மாற்றாமல், குளிர்காலம் முழுக்க அதன்மேலேயே விட்டுவைக்கிறார்கள். அறுவடைக்கு அடுத்த ஆண்டு மார்ச் 1-க்கு முன் புட்டியில் அடைக்கக் கூடாது என்பது விதி. செத்த ஈஸ்ட் செல்கள் மெல்லச் சிதைந்து, உள்ளிருந்த புரதமும் சர்க்கரைப் பொருள்களும் வைனில் இறங்கும். வெறும் புளிப்பாக இருந்திருக்க வேண்டியதற்கு ஒரு கொழுமை வருகிறது, ரொட்டி மாவு வாசனையும் லேசாகச் சேர்கிறது. நொதித்தபோது உண்டான கரியமில வாயு கொஞ்சம் தங்கிவிடுவதால் முதல் வாயில் நாக்கு நுனியில் 'சுருக்' என்கிறது. பச்சைச் சிப்பியின் உப்போடும் மட்டியோடும் இது அவ்வளவு பொருந்துவதற்கு இந்தக் கொழுமையும் புளிப்பும்தான் காரணம். நாந்த்காரர்களின் வெண்ணெய்ச் சாறு ஊற்றிய ஆற்றுமீனுக்கும் இதையே வைப்பார்கள்.

சரி, செத்த ஈஸ்ட் அடியில் படிவதற்கு நம்மிடம் சொல் இல்லையா? கள்ளுப் பானையின் அடியில் தங்குவதை என்னவென்று சொல்கிறோம்? மண்டி! பொருளும் அதே, நிகழ்வும் அதே. ஆகவே 'மண்டிமேல் முதிர்வு' என்பது என் முன்மொழிவு.

---

> மண்டி என்றால் அரிசி மண்டி, வாழைக்காய் மண்டிதானே நினைவுக்கு வரும்? 'அடியூறல்' எப்படி?

அரிசி மண்டிக் கடைக்கும் எண்ணெயின் அடியில் தங்கும் மண்டிக்கும் யாரும் குழம்புவதில்லை. பக்கத்துச் சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். 'ஊறல்' அழகான சொல்தான், ஆனால் மதுவோடு சேர்ந்தால் கள்ளச்சாராய ஊறலை அழித்த செய்திதான் கண்முன் வரும். ஒரு குடியானவர் பொறுமையாகக் காத்து எடுக்கும் வைனுக்கு அந்த நிழல் விழ வேண்டாம்.

மண்டியிலிருந்து மற்ற சொற்களும் எளிதாகக் கிளைக்கின்றன. முதலில் படியும் தடித்தது பருமண்டி, பின்னால் படிவது நுண்மண்டி. செல்கள் சிதைவதை 'மண்டிச் சிதைவு' எனலாம். வண்டலை வைத்து இதைச் செய்தால் புவியியல் பாடம் மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் ஒன்று மிச்சம். பர்கண்டியில் மரப்பீப்பாய்க்குள் கோலை விட்டு மண்டியை மேலே எழுப்புவார்கள். அதற்கு 'மண்டி கிளறல்' என்பதா, 'மண்டி கலக்கல்' என்பதா? அடியில் கிடப்பதை எழுப்புவதால் என் கை கிளறலுக்குத்தான் போகிறது. கள் இறக்கும் குடும்பங்களில் வேறு சொல் புழங்கினால் தெரிந்தவர்கள் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.