மேலே கட்டில், கீழே மேசை: போட்டவர்கள் யோசனை சொல்லுங்கள்

பையனுக்கு 8 வயது, அறை பத்துக்குப் பத்து கூட இல்லை, அதனால் மேலே படுக்கையும் கீழே படிக்கிற மேசையும் உள்ள லாஃப்ட் கட்டில் போடலாம் என்று இருக்கிறோம். முதல் பயம் சீலிங் ஃபேன்தான். இறக்கை தரையிலிருந்து 8.5 அடியில் சுற்றுகிறது, கட்டில் பலகை 5.5 அடியில் வரும், அதன்மேல் மெத்தை, இவன் எழுந்து நின்று கையைத் தூக்கினால்... நினைக்கவே வேண்டாம். அதைக் கழற்றிவிட்டு சுவர் ஃபேன் மாட்டியவர்கள் இருக்கிறீர்களா, சென்னை மே மாதத்துக்கு அது போதுமா?

அப்புறம் தடுப்பு. அமெரிக்க விதிப்படி மெத்தைக்கு மேல் குறைந்தது 5 அங்குலம் தடுப்பு வேண்டும், இடைவெளி 3.5 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, 6 வயதுக்குக் கீழே இருந்தால் மேலே படுக்க வைக்கக் கூடாது என்று எச்சரிக்கையும் ஒட்ட வேண்டும். கடையில் பார்த்தவற்றில் தடிமனான மெத்தை போட்டாலே தடுப்பு பாதி காணாமல் போகிறது! ஆசாரியிடம் சொன்னால் நம் அளவுக்குச் செய்வார், சரி, ஆனால் பிளைவுட்டா, இரும்புச் சட்டமா? எதுவானாலும் சுவரில் போல்ட் போட்டு இறுக்கத்தான் போகிறேன். செங்குத்து ஏணியைவிட டிராயர் வைத்த படிகள் நல்லது, இடம்தான் இடிக்கிறது.

தங்கைக்கு 3 வயது, அண்ணன் ஏறினால் அவளும் ஏறுவாள். அதற்கு என்ன செய்தீர்கள்?