சங்கு பொறித்த தொப்பிச் சின்னம்: துலக்கலாமா, விடலாமா?

தக்கலைக்காரன்:
தக்கலைப் பக்கத்துப் பழைய இரும்புக் கடையொன்றில், உடைந்த குத்துவிளக்குத் தண்டுகளுக்கு நடுவே, வலம்புரிச் சங்கு பொறித்த பித்தளைத் தொப்பிச் சின்னம் ஒன்று சென்ற வாரம் கிடைத்தது. எடைபோட்டுப் பித்தளை விலைக்கே தந்தார்கள். சங்கு திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சின்னம். 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்த பின்னர் சமஸ்தானப் படைகள் இந்திய இராணுவத்தில் சேர்க்கப்பட்டன. திருவிதாங்கூர் நாயர் காலாட்படையின் இரு அணிகளும் பின்னாளில் மதராஸ் ரெஜிமெண்டின் 9-ஆம், 16-ஆம் பட்டாலியன்களாயின. ஆகவே இது அதற்கு முந்தையது என்பது என் கணிப்பு. சங்கின் வரிகள் பாதி தேய்ந்திருக்கின்றன. குழிகளில் கருமையும், பின்புற வளையங்களைச் சுற்றிப் பச்சையும் படிந்திருக்கின்றன. துலக்கலாமா, அப்படியே விடலாமா?

ஓய்வுபெற்ற ஹவில்தார், மார்த்தாண்டம்:
துலக்குங்கள் தம்பி. பயிற்சிக் காலத்தில், பிளவுள்ள ஒரு தகட்டைப் பொத்தானுக்கு அடியில் செருகிக்கொண்டு, சட்டைத் துணியில் கறை படாமல் பிராசோ என்னும் துலக்கும் திரவம் போட்டுத் தேய்த்த பிறகுதான் அணிவகுப்புக்குப் போவோம். மங்கிய பொத்தானோடு நின்றவன் மைதானத்தைச் சுற்றி ஓடினான். இப்படிக் கறுத்த சின்னம் எந்தச் சிப்பாயின் தலையிலும் இருந்ததில்லை. நீங்கள் பழமை என்று போற்றுவது, அவன் போன பிறகு படிந்த அழுக்கு.

நாகர்கோவில் சேகரிப்பாளர்:
ஐயா சொல்வது அணிந்தவருக்குப் பொருந்தும், சேகரிப்பவருக்குப் பொருந்தாது. சங்கின் வரிகளைத் தேய்த்தது அந்தச் சிப்பாயின் கைதான் என்பதே துலக்கக் கூடாது என்பதற்கு முதற்காரணம். இன்று நாமும் தேய்த்தால், அவர் தேய்த்தது எது, நாம் தேய்த்தது எது என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல இயலாது. பதக்கங்களில் இந்த இழப்பு இன்னும் பெரிது. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய இந்தியச் சிப்பாய்களுக்கு அளித்த நட்சத்திரப் பதக்கங்களின் பின்புறத்தில் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு அளித்தவை பெயரின்றியே வந்தன. என்னிடம் வந்த பர்மா நட்சத்திரம் ஒன்றை வீட்டார் ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்குப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்திருந்தார்கள். எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் அதில் இல்லை.

மேலும், துலக்கும் திரவத்தில் அமோனியா உண்டு. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையினர் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாகவே விரிசல் விட்டன. உறையை அடித்து உருவாக்கியபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கத்தோடு, குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியா சேர்ந்ததே காரணம் என்பது 1921-இல் விளக்கப்பட்டது. அச்சில் அடித்துச் செய்த சின்னத்திலும் அத்தகைய உள்ளிறுக்கம் இருக்கும்.

ஹவில்தார்:
லாயத்துச் செய்தி எனக்குப் புதிது, நன்றி. ஆனால் ஒரு நிமிடம் தடவித் துடைப்பதும் மழைக்காலம் முழுவதும் ஆவியில் கிடப்பதும் ஒன்றாகுமா? துலக்கியதால் விரிசல் விட்ட சின்னத்தை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. தொடாமல் வைத்ததால் கெட்டதைப் பார்த்திருக்கிறேன். குளச்சலில் கடலுக்கு எதிரே வீடுள்ள நண்பர், தம் தந்தையின் கான்வாஸ் பெல்ட்டைத் தகரப் பெட்டியில் பாச்சை உருண்டையோடு பூட்டி வைத்திருந்தார். மூன்று ஆண்டு கழித்துத் திறந்தபோது கொக்கியைச் சுற்றி வெளிர்பச்சைப் பொடி. விரல் பட்டதும் கொக்கியின் முனை உதிர்ந்தது.

சேகரிப்பாளர்:
அதை மறுக்கமாட்டேன், தொடவே கூடாது என்று நான் பொதுவாகச் சொன்னது நம் கடற்கரைக்கு ஒத்துவராது. உப்புக்காற்றின் குளோரைடும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பொடி உள்ளே தின்றுகொண்டே போகும். எனவே பொடியாக உதிரும் பச்சையை மட்டும் மூங்கில் குச்சியால் எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, மெல்லிய மெழுகு பூசி, சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். கெட்டியாகப் படிந்த கருமை உலோகத்துக்குக் கவசம், அதை விட்டுவிடுங்கள். ரப்பர் வளையம் போட்டு வைக்காதீர்கள், அதிலுள்ள கந்தகம் பித்தளையைக் கறுக்கவைக்கும்.

தக்கலைக்காரன்:
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வளையத்தின் அடியில் கடுகளவு இரண்டு இடங்களில்தான் பொடி உதிர்கிறது. அவற்றை மட்டும் எடுக்கிறேன். சங்கின் பக்கம் போகவில்லை.

ஹவில்தார்:
உங்கள் பொருள், உங்கள் முடிவு தம்பி. எனக்கு அதில் இன்னும் உடன்பாடில்லை. காட்சிக்கு வைக்கும்போது, இதை அணிந்தவன் தினமும் மின்ன மின்ன வைத்திருந்தான் என்று ஓர் அட்டையில் எழுதி அருகில் வையுங்கள்.