பிச்சாவரத் தண்ணீரில் ஊறிய பிரிண்டில் உப்பு பூக்கிறது, வழி சொல்லுங்கள்

பிச்சாவரத்தில் எடுத்த நிலக்காட்சிப் படங்களை அங்கிருந்தே எடுத்துவந்த உப்பங்கழித் தண்ணீரிலும் சேற்றிலும் ஊறவைக்கிறேன். இடம் கடலூர் முதுநகர். லேபில் போட்ட சி-பிரிண்ட் (ஒளியுணர் தாளில் ரசாயனத்தில் கழுவி எடுக்கும் கலர் பிரிண்ட்), 12x18, பளபளப்புத் தாள். இன்க்ஜெட் இல்லை.

ஊறும்வரை எல்லாம் அருமை. மேலடுக்கின் சயான் (நீலப்பச்சைச் சாயம்) கரைந்ததும் சுரபுன்னை வேர்கள் சிவக்கின்றன, இன்னும் விட்டால் மஞ்சளாகின்றன. காய்ந்தபின்தான் தலைவலி. ஒரு வாரத்தில் படத்தின் வானம் முழுக்க வெள்ளைப் பொடி. துடைத்தால் போகிறது, கடல்காற்றின் ஈரம் ஏறியதும் பிசுபிசுத்து, வெயில் வந்தால் மறுபடி பூக்கிறது. ஐப்பசி மழையிலிருந்து இதே கதை.

நல்ல தண்ணீரில் அலசிப் பார்த்தேன். உப்போடு சேற்றுக் கறையும் போனது, ஜெலட்டின் (சாயத்தைப் பிடித்திருக்கும் மேல்பூச்சு) ஓரத்திலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது (உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீரில்தான் அது அதிகம் ஊதும்). ஹேர் டிரையர் காட்டினால் தாள் சுருள்கிறது. வார்னிஷ் ஸ்பிரே அடித்ததில் உப்பு அடியில் மாட்டி, படமே பால் ஊற்றிய மாதிரி வெளுத்துவிட்டது. கண்ணாடி போட்டு ஃபிரேம் செய்யச் சொல்லாதீர்கள். அந்தச் சொரசொரப்பு வெளியே தெரியத்தான் இத்தனை பாடு.

கறையும் ஜெலட்டினும் அப்படியே இருக்க, உப்பை மட்டும் எப்படி எடுப்பது?